தங்கையின் நோயும் தமக்கையின் தொண்டும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரம் வகுத்து, வைத்தியன் செய்யவேண்டுவனவற்றை நிரல்படக் கூறுங்கால், நோயை இன்னதென்று துணிதலையே முதற்கண் வைத்தார். இவ்வதிகாரத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். எனினும், அதன் பொருளை நான் உள்ளபடி உணர்ந்தது, மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலையின் நீண்ட வாங்கில் என் தங்கையின் அருகே அமர்ந்திருந்த நாட்களிலேதான். அந்நாட்களில் அவ்வாங்கிலிருந்தே நான் படித்து முடித்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கை வரலாறு. வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் அந்நூலை இரவல் பெற்றபோது, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய பெருமாட்டியின் வரலாறு என்ற அளவிலேயே அதனை எண்ணியிருந்தேன். எங்கள் குடும்பத்துத் துயரம் அதனுள்ளே முன்னரே எழுதப்பட்டிருந்ததை நான் அறிந்திலேன்.

முத்துலட்சுமி அம்மையார் 1886 ஆம் ஆண்டு யூலை 30 ஆம் நாள் புதுக்கோட்டையிலே பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையிலே புகழ் பெற்றவர். மகாராசாக் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபிலே, அக்காலத்துத் தேவதாசியர் குலம் என்று வழங்கிய குடியிலே தோன்றியவர். பெண் பிள்ளைகளைப் பருவமெய்தியதும் பள்ளியினின்று நிறுத்தும் வழக்கம் வேரூன்றியிருந்த காலம் அது. முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தே படித்துத் தேறி, ஆடவர் மட்டுமே பயின்ற மகாராசாக் கல்லூரியிலே சேர விண்ணப்பித்தார். எதிர்ப்புக் கிளம்பிற்று. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது, 1904 ஆம் ஆண்டில் அவருக்கு இடமளித்தார்.

1907 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912 ஆம் ஆண்டில் உயர் சிறப்புடன் பட்டம் பெற்று வெளியேறினார். எழும்பூரில் உள்ள பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையிலே வைத்தியராகப் பணியேற்றார். 1914 ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டி என்பாரை மணந்தபோது, தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்று உறுதி பெற்ற பின்னரே இசைந்தார் என்பர். இரு புதல்வர் பிறந்தனர், இளையவர் கிருஷ்ணமூர்த்தி. அவர் பெயரை அன்பர்கள் நினைவில் இருத்துக. பின்னர் அவரைக் காண்போம்.

இவ்வளவும் ஏறுமுகமான கதை. இனி வருவதே இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதி.

அம்மையாரின் தங்கை சுந்தரம்பாள் இளம் வயதினர். அவருக்கு வயிற்றிலே நோய் கண்டது. அதனைச் சீதபேதி என்று கொண்டனர். சீதபேதிக்குரிய மருந்துகளே கொடுக்கப்பட்டன. நோய் தணியவில்லை. பின்னர் உண்மை தெரிந்தபோது, அது பெருங்குடலின் இறுதிப் பகுதியில் தோன்றிய புற்று என்று துணியப்பட்டது, காலமோ கடந்துவிட்டது. 1923 ஆம் ஆண்டில் சுந்தரம்பாள் மறைந்தார். தமக்கையார் அப்போது வைத்தியப் பட்டம் பெற்றுப் பதினொரு ஆண்டுகள் நிறைந்தவர். எண்ணற்ற தாய்மாரின் உயிரைக் காத்தவர். தம் வீட்டில் வளர்ந்த நோயை வெல்ல அவருக்கு இயலவில்லை. அக்காலத்திலே புற்றுக்கு அறுவையும் ரேடியமுமே கதியாக இருந்தன. தென்னாட்டிலே அந்நோய்க்கென்று தனியானதோர் இல்லம் இருந்ததில்லை.

இப்பகுதியை எட்டியதும் நான் நூலை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்பதை இவ்விடத்திலே கூறுதல் வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலே வாழும் என் தங்கைக்கும் நோய் வயிற்றிலேதான் தொடங்கிற்று. வயிறு உப்பியது, இரண்டு கவளம் உண்டதும் நிறைந்துவிட்டது போலிருந்தது, அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்ந்தது. அயலிலே காட்டிய வைத்தியர் வாய்வு என்றார். வாய்வுக்கு மருந்தும் தந்தார். பெண்கள் கூடிய இடத்தில் ஐம்பதை நெருங்கும் வயதிலே இது இயல்பு என்றனர். உடம்பு வைத்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்துங் கூறினர். நானும் ஓமத் தண்ணீரும் இஞ்சிக் கசாயமும் சொன்னவனே. இவ்வாறு ஏழு மாதங்கள் கழிந்தன. பின்பு வேறோர் இளம் வைத்தியர் அவளைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். உடனே ஸ்கான் எடுக்கச் சொன்னார். வயிற்றினுள் நீர் கட்டியிருந்தது. இடப்பக்கத்துச் சூலகத்திலே கட்டி இருந்தது.

சூல் என்னுஞ் சொல்லுக்கு இலக்கியத்திலே எத்துணை அழகிய பொருள்கள்! நீருண்ட மேகத்தைச் சூல் கொண்டது என்பர் புலவர். கதிர் ஈனும் பயிரையும் அவ்வாறே கூறுவர். அவற்றையெல்லாம் விரித்துரைக்கும் நான், பெண்ணின் உடலில் பாதாம் பருப்பின் அளவினவாய் இரு சூலகங்கள் உண்டென்பதையும், அவற்றிலே புற்றுத் தோன்றக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தவனல்லன். இந்நோயின் கொடுமை அதன் மறைவிலே உள்ளது. நோயில்லாப் பெண்களிடையே முன்கூட்டிக் கண்டறியும் நம்பகமான பொதுப் பரிசோதனை இதற்கு இன்றுவரை இல்லை. சி.ஏ. 125 எனப்படும் குருதிப் பரிசோதனை துணை செய்யுமேயன்றித் தனியே தீர்ப்புக் கூறாது. நோய் காட்டும் குறிகளோ அஜீரணத்தின் குறிகளையே ஒத்திருக்கும். ஆகவேதான் பெரும்பாலார்க்கு அது வயிற்றறையிற் பரவிய பின்னரே வெளிப்படுகின்றது. என் தங்கைக்கும் மூன்றாம் படிநிலையிலேயே வெளிப்பட்டது.

புதுக்கோட்டைத் தங்கைக்குச் சீதபேதி என்றனர். கொட்டாஞ்சேனைத் தங்கைக்கு வாய்வு என்றனர். பிழையான பெயர் ஒன்று நோய்க்கு எத்துணை உறுதியான அரணாகிவிடுகின்றது! அதனாலேதான் நூலை மூடினேன். அவள் நூலைக் கேட்டால் என் செய்வது என்னும் அச்சமும் உடனிருந்தது.

நிற்க, அம்மையாரின் வரலாற்றைத் தொடர்வோம். துயரத்தை அழுது கரைப்பவர் பலர். அம்மையார் அதனைச் சேமித்து வைத்தார். 1925 ஆம் ஆண்டில் உயர் பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, அங்கே புற்றுநோய்க்கென்றே அமைந்த மருத்துவமனையை நாடினார். இன்று றோயல் மார்ஸ்டன் என்று வழங்கும் அம்மருத்துவமனைக்கும் ஒரு வரலாறு உண்டு. வில்லியம் மார்ஸ்டன் என்னும் வைத்தியர் தம் மனைவியாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பின், 1851 ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். மனைவியை இழந்தவர் எழுப்பிய இல்லத்திலே, தங்கையை இழந்தவர் சென்று நின்றார். அத்தகைய இல்லம் ஒன்று தமிழ்நாட்டிலும் எழவேண்டும் என்ற உறுதி அவர் உள்ளத்திலே வளர்ந்தது.

தாயகம் மீண்டதும் பிற பணிகள் அவரை அழைத்தன. சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராகி, 1927 ஆம் ஆண்டில் அதன் துணைத் தலைவராகவுந் தெரிந்தெடுக்கப்பட்டார். கோயில்களிலே பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். அது முற்றாக ஒழியும் சட்டம் 1947 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. 1930 ஆம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே, போக்கிடமற்ற பெண்களுக்காக ஒளவை இல்லத்தைத் தொடங்கினார். இவற்றைப் பலரும் அறிவர், ஆதலின் விரிக்கவில்லை.

ஆனால், அவர் தங்கையை மறந்தாரல்லர். 1935 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலே புற்றுநோய் மருத்துவமனையின் தேவையை எடுத்துரைத்தார். 1941 ஆம் ஆண்டில் பம்பாயிலே டாட்டா நினைவு மருத்துவமனை எழுந்தது. தென்னாடு காத்துக் கிடந்தது. 1949 ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கி, ஊர்தோறும் பொருள் திரட்டலானார். ஆட்சியாளரின் ஆதரவு எளிதிற் கிட்டவில்லை. புற்றுநோயாளர் எப்படியும் இறப்பவரே, அவர்க்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்னும் எண்ணமே அக்காலத்தில் ஓங்கியிருந்தது. அறுபது வயதைக் கடந்த அம்மையார் அவ்வெண்ணத்தோடு வாதாடிக்கொண்டே செங்கல்லுக்குப் பணம் சேர்த்தார்.

1952 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு யூன் 18 ஆம் நாள் அடையாறிலே புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று அதிலிருந்த படுக்கைகள் பன்னிரண்டே. தாயின் கனவை நிறைவேற்றப் புற்றுநோய்ச் சிகிச்சையை வெளிநாட்டிலே கற்றுவந்த கிருஷ்ணமூர்த்தி அங்கே பணியேற்றார். மறு ஆண்டிலே டாக்டர் சாந்தா அம்மையார் வந்து சேர்ந்தார். 2021 ஆம் ஆண்டிலே மறையும் வரை அந்நிறுவனமே அவர் இல்லமாயிற்று. 1957 ஆம் ஆண்டில் கோபாற்றுக் கதிர்ச் சிகிச்சைக் கருவி அங்கே நிறுவப்பட்டது. சுந்தரம்பாள் மறைந்து மருத்துவமனை திறக்கும் வரை கழிந்த ஆண்டுகள் முப்பத்தொன்று. ஒரு துயரத்தை முப்பத்தோராண்டு அணையாமற் காப்பது எளிய செயலா? 1968 ஆம் ஆண்டு யூலை 22 ஆம் நாள் அம்மையார் உலக வாழ்வை நீத்தார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது பன்னூறு படுக்கைகளாய் வளர்ந்து நிற்கின்றது.

இனி, மகரகம வாங்குக்கு மீள்வோம். என் தங்கைக்குச் சத்திரசிகிச்சை செய்து, சூலகங்களையும் அவற்றையொட்டிய குழாய்களையும் கருப்பையையும் குடலைப் போர்த்திருக்கும் கொழுப்புச் சவ்வையும் அகற்றினர். பின்னர் மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாக ஆறு முறை மருந்தேற்றினர். அம்மருந்துகளில் ஒன்று பிளாட்டினம் என்னும் உலோகத்தைக் கொண்டது. மற்றொன்று அமெரிக்காவின் மேலைக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலே முதலிற் கண்டெடுக்கப்பட்டது. சுந்தரம்பாளின் காலத்தில் இவை எவருக்கும் கிட்டாதவை. நான் வெள்ளவத்தையிலிருந்தும் அவள் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்து, கிருலப்பனையிலே சந்தித்து, 138 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறுவோம். மூன்றாவது வாரத்திலே கூந்தல் கற்றை கற்றையாக உதிர்ந்தது. உண்பதெல்லாம் இரும்பைச் சுவைப்பது போல் இருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. ஊசியிலே நூல் கோக்க அவளால் இயலவில்லை. குருதியில் வெள்ளணுக்கள் குறைந்தமையால் ஒருமுறை மருந்தேற்றாமலே திருப்பி அனுப்பினர். அன்றுதான் அவள் முதன்முதலாக அழுதாள். பக்கத்திலிருந்த சிங்களத் தாயொருவர் ஒரு சொல்லும் பேசாது, தம் போத்தலிலிருந்த தேநீரை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார். அவர் தலையிலும் முடி இல்லை.

நான்காவது முறை மருந்தேற்றும் நாளிலே, அந்நூலைத் தந்து படிக்கச் சொல்லுமாறு கேட்டாள். நான் தயங்கினேன். தங்கை மறைந்த பகுதியை விடுத்துப் பிறவற்றைக் கூறினேன். அவளோ கூர்மதியினள். வைத்தியராய் இருந்தவர் ஏன் புற்றுநோய் மருத்துவமனையை நாடிப் போனார் என்று வினவினாள். மறைக்க இயலாது உண்மையைச் சொன்னேன். நெடுநேரம் மருந்துத் துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு, அந்தத் தங்கைக்கு வைத்தியரான அக்கா இருந்தார், வைத்தியசாலை இல்லை. தனக்குத் தமிழ்ப் பண்டிதரான அண்ணனே இருந்தாலும் வைத்தியசாலை இருக்கிறது என்றாள். சொல்லிச் சிரித்தாள். வாழ்நாளெல்லாம் சொல்லோடு பழகிய எனக்கு அப்போது விடை கூறச் சொல் அகப்படவில்லை.

சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் கடந்துள்ளன. மூன்று திங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்கின்றோம். இந்நோய் மீளவுங் கூடும் என்று வைத்தியர்கள் ஒளிவின்றிச் சொல்லியிருக்கின்றனர். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை வீட்டிலே எவரும் உரத்துப் பேசுவதில்லை. எனினும் அவள் ஊசியிலே மீண்டும் நூல் கோக்கின்றாள்.

நம் நாட்டிலும், 2011 ஆம் ஆண்டில் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை பல்லாயிரவர் நடந்து திரட்டிய நிதியைக் கொண்டு, தெல்லிப்பழையிலே புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. பிறர் துயரைத் தம் துயராகக் கொண்டாலன்றி இத்தகைய இல்லங்கள் எழமாட்டா. ஆயினும் அவ்வில்லங்களின் வாயிலை உரிய காலத்திலே அடைதல் நம் கையில் உள்ளது. ஆசிரியைமாரும் மாணவியரும் இதனைப் படிப்பீராயின், உங்கள் இல்லத்துப் பெண்களிடம் வயிற்று நோவைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். உப்புசமும் பசியின்மையும் நாட்கணக்கிலன்றி வாரக்கணக்கில் நீடிக்குமாயின், வாய்வு என்று பெயரிட்டு அமைதியுறாதீர்கள். கசாயம் சொன்ன அண்ணன் ஒருவன் கூறுவது இது.

முத்துலட்சுமி அம்மையாருக்குச் சென்னையிலே சிலை உண்டு. அவர் பெயரால் அரசின் தாய்மார் உதவித் திட்டமும் உண்டு. என் உள்ளத்திலோ அவர், நோயுற்ற தங்கையின் கட்டிலருகே கையற்று நின்ற தமக்கையாகவே காட்சி தருகின்றார். அந்தக் கையறுநிலையைப் பிற தமக்கையர்க்கும் அண்ணன்மார்க்கும் குறைத்துத் தந்த அவர் திருநாமம் நெடிது வாழ்க.