பதவிக்குப் பின்னும் பணி

உயர்பதவி வகித்தோர் அதிலிருந்து நீங்கியபின் ஓய்வை நாடுவது உலக இயல்பு. ஆனால், நாட்டின் தலைமைப் பதவியிலிருந்து இறங்கிய ஒருவர், மக்கள் பிரதிநிதிகள் அவையில் எளிய உறுப்பினராக அமர்ந்து பதினேழு ஆண்டுகள் பணியாற்றினார். அவரே அமெரிக்காவின் ஆறாம் குடியரசுத்தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ்.

மாசசூசெட்சைச் சார்ந்த பிரெயின்ட்ரி என்னும் ஊரில், 1767ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஜான் ஆடம்ஸ் விடுதலைப் போராட்டத் தலைவர்களுள் ஒருவர். பின்னாளில் நாட்டின் இரண்டாம் குடியரசுத்தலைவர். ஏழு வயதில் தாய் அபிகேலுடன் குன்றின்மேல் நின்று, பங்கர் குன்றுப் போரைத் தொலைவிலிருந்து கண்டார் சிறுவர் ஆடம்ஸ். பதினான்கு வயதில், உருசியாவுக்குச் சென்ற தூதரின் செயலராகப் பணிபுரிந்தார். இளமையில் தொடங்கிய நாட்குறிப்பை முதுமையிலும் எழுதிவந்தார்.

ஹார்வர்டில் பயின்ற ஆடம்ஸ், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் தூதராக விளங்கினார். 1814இல் பிரிட்டனுடன் போரை முடித்த கெண்ட் உடன்படிக்கையில் அவர் பங்கு பெரிது. 1817 முதல் எட்டு ஆண்டுகள் வெளியுறவுச் செயலராக இருந்தபோது, ஸ்பெயினிடமிருந்து புளோரிடாவைப் பெற்றுத்தந்தார்.

1824ஆம் ஆண்டுத் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. ஆண்ட்ரூ ஜாக்சன் மிகுதியான வாக்குகள் பெற்றிருந்தும், பிரதிநிதிகள் அவை ஆடம்சைத் தேர்ந்தெடுத்தது. அதனால் எழுந்த பகை அவரது ஆட்சி முழுவதும் தொடர்ந்தது. தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வகம் போன்ற அவருடைய கனவுகளுக்கு நாடாளுமன்றம் இசையவில்லை. 1828இல் ஜாக்சனிடம் தோற்றார்.

அவருடைய அரும்பணி அதன் பின்னரே தொடங்கியது. 1830இல் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலைநகரில் அடிமைமுறையை ஒழிக்க வேண்டி வடமாநில மக்கள் மனுக்களைக் குவித்தனர். அவற்றுள் பல பெண்கள் கையொப்பமிட்டவை. வாக்குரிமை அற்ற அவர்களுக்கு மனு ஒன்றே குரலாக இருந்தது. அம்மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவிட 1836இல் அவை விதி வகுத்தது. வாய்ப்பூட்டுப் போட்ட அவ்விதியை ஆடம்ஸ் ஆண்டுதோறும் எதிர்த்தார். கூச்சலுக்கும் ஏளனத்துக்கும் இடையே மனுக்களை எடுத்துரைத்தார். அடிமைகளே அனுப்பியதாகக் கூறப்பட்ட மனுவொன்றை ஏற்கலாமா என 1837இல் அவர் வினவ, அவை கொந்தளித்தது. 1842இல் அவர்மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. தம் தரப்பைத் தாமே பல நாள் வாதிட்டு அதனை முறியடித்தார். இறுதியில், 1844 திசம்பர் 3ஆம் நாள் அவ்விதி நீக்கப்பட்டது.

இப்போராட்டத்தின் இடையே மற்றொரு வழக்கும் அவரை நாடி வந்தது. கவர்ந்து செல்லப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர், அமிஸ்டாட் என்னும் கப்பலில் கிளர்ந்தெழுந்து, பின்னர் அமெரிக்காவில் சிறைப்பட்டிருந்தனர். 1841இல், எழுபத்து மூன்று வயதில், உச்சநீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாடினார் ஆடம்ஸ். அவர்கள் விடுதலை பெற்றனர்.

1848 பிப்ரவரி 21ஆம் நாள் அவையில் தம் இருக்கையிலேயே மயங்கிச் சாய்ந்த அவர், இரண்டு நாள் கழித்து அக்கட்டடத்திலேயே உயிர்நீத்தார். அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் ஆண்டைக் காண அவர் இல்லை. எனினும், அதைப் பற்றிப் பேசவே கூடாது என்றிருந்த அவையில் பேச்சுக்கு வழி திறந்தவர் அவர். தலைவராக இருந்த நான்கு ஆண்டுகளைவிட, உறுப்பினராக உழைத்த பதினேழு ஆண்டுகளே அவர் புகழை நிலைநிறுத்தின.