ஒரு பைசா இதழும் ஓர் ஆயுட்காலத் துணிவும்: அயோத்திதாசப் பண்டிதர்

1907ஆம் ஆண்டு சூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்க வார இதழ் ஒன்று வெளிவந்தது. விலை ஒரு பைசா. ரூபாய்க்கு 64 பைசா என்பது அன்றைய கணக்கு. விலையே இதழின் பெயரிலும் இடம்பெற்றிருந்தது: 'ஒரு பைசாத் தமிழன்'. அதன் ஆசிரியரும் பெரும்பகுதிப் பக்கங்களை எழுதியவருமான அயோத்திதாசப் பண்டிதருக்கு அப்போது வயது 62.

ஓய்வை நாடும் வயதில் ஒருவர் இதழ் தொடங்குகிறார். அவருக்கு நிலமில்லை, அரசு ஆதரவில்லை, செல்வர்களின் துணையும் இல்லை. அவர் யாருக்காக எழுதினாரோ அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவே மறுக்கப்பட்டிருந்தது. ஆயினும், இறக்கும் வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் வாரந்தோறும் அவ்விதழை நடத்தினார். இந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை இன்றைய மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் அறிந்துகொள்வது அவசியம் என்று நாம் கருதுகிறோம். வரலாறு கற்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எழுத்தோ, இசையோ, ஓவியமோ, ஆய்வோ, தாம் நேசிக்கும் ஒன்றைச் செய்யலாமா என்று தயங்கி நிற்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுக்கு இந்த வாழ்க்கை சில தெளிவான விடைகளை வைத்திருக்கிறது.

அத்தயக்கத்திற்கு இரு ஊற்றுகள் உண்டு. ஒன்று வீட்டிலிருந்து வருவது. கடன்பட்டுப் படிக்கவைத்த பெற்றோர் முதலில் ஒரு வேலையில் அமரச் சொல்கிறார்கள். அது பசியை அறிந்தவர்களின் அச்சம். அதை நாம் இகழ இயலாது. மற்றொன்று சாதிச் சமூகத்திலிருந்து வருவது. அறிவும் கலையும் உனக்கு உரியவை அல்ல என்று அது சொல்லியும் சொல்லாமலும் உணர்த்துகிறது. முன்னதற்குப் பொறுமையான விடை வேண்டும். பின்னதற்கு உறுதியான மறுப்பு வேண்டும். பண்டிதரின் வாழ்வில் இவ்விரண்டையும் காண்கிறோம்.

பெயரும் கல்வியும்

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராசப் பண்டிதரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். கற்பித்தவரின் பெயரைத் தன் பெயராகச் சுமப்பவர் கல்வியை எவ்வளவு நேசித்திருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. தமிழோடு பாலி, வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார்.

அந்த நேசம் அவருக்குக் குடும்பச் சொத்தாகவும் வந்தது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவர். தம் வீட்டில் காத்துவைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிகளை அவர் ஆரிங்டனிடம் கொடுத்தார் என்றும், அவை எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றன என்றும் பண்டிதர் பதிவுசெய்திருக்கிறார். சேரியில் சுவடி இராது என்று நம்பிய சமூகத்திற்கு இது ஏற்க இயலாத செய்தி. பண்டிதருக்கோ இதுவே அடித்தளம். எழுத்துலகிற்குள் புதிதாக நுழைய அனுமதி கேட்பவராக அவர் தம்மை எண்ணவில்லை. தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதை மீட்பவராகவே எண்ணினார்.

கேட்டதும் மறுக்கப்பட்டதும்

எனினும் அவரும் ஒரு காலத்தில் கேட்டுப் பார்த்தவரே. இளமையில் நீலகிரியில் வாழ்ந்தபோது அத்துவைதானந்த சபை என்ற அமைப்பை நிறுவினார். ஜான் ரத்தினம் நடத்திய 'திராவிடப் பாண்டியன்' இதழோடு இணைந்து செயல்பட்டார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார்.

1892இல் சென்னை மகாஜன சபையினர் கூட்டிய கூட்டத்தில் நீலகிரியின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். சிவன், விட்டுணு கோயில்களுக்குள் தம் மக்களை ஏன் அனுமதிப்பதில்லை என்று கேட்டார். உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விட்டுணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருளில் விடை வந்தது. அப்படியானால் அந்தச் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று கூறிய பண்டிதர், அதே இடத்தில் வேறு இரண்டைக் கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி கொடுங்கள். ஊர்களில் தரிசாகக் கிடக்கும் நிலங்களைக் கொடுங்கள்.

இந்நிகழ்வை அவர் வாழ்வின் திருப்பமாகக் கொள்ளலாம். அவமதிக்கப்பட்ட மனிதர் கூட்டத்தைவிட்டு வெளியேறியிருக்கலாம், ஊமையாகியிருக்கலாம். அவரோ கோயில் வாசலை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பினார். எதைக் கேட்பது பயனற்றது, எதைக் கேட்பது உரிமை என்பதை அந்த ஒரு நாளில் பிரித்தறிந்தார். அதன்பின், பிறர் தர மறுத்தவற்றைத் தாமே கட்டியெழுப்பத் தொடங்கினார். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

பிழைப்பும் பேனாவும்

இங்கே வீட்டிலிருந்து வரும் அச்சத்திற்கான விடையைக் காண்கிறோம். பண்டிதர் வறுமையைப் புகழ்ந்தவர் அல்லர். அவர் சித்த மருத்துவர். மருத்துவமே அவருடைய வாழ்வாதாரம். இராயப்பேட்டையில் அவருடைய மருத்துவம் பெயர்பெற்றிருந்தது. சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்த திரு.வி.க. அவருடைய மருந்தால்தான் எழுந்து நடமாடினார் என்பதைத் திரு.வி.க.வே நன்றியோடு எழுதியிருக்கிறார்.

இந்த ஏற்பாட்டின் பொருளை நாம் கவனிக்க வேண்டும். மருத்துவம் அவருக்குச் சோறு போட்டது. ஆகவே பேனாவை யாரிடமும் அடகுவைக்க நேரவில்லை. சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்த காலத்தில், குடிநீர்க் குளத்தை மறுப்பவர்களின் சுயராச்சியம் எவருக்கானது என்று அவரால் எழுத முடிந்தது. ஆதரவாளர்கள் சினந்து விலகினால் இதழ் நின்றுவிடும் என்ற நிலையில் இருந்திருந்தால் அந்தக் கேள்வி மழுங்கியிருக்கும். விரும்பிய பணியைச் செய்வதற்காக வேலையைத் துறந்துதான் ஆக வேண்டும் என்று நினைக்கும் மாணவர் இதைப் பொருட்படுத்த வேண்டும். கைத்தொழில் ஒன்று உறுதியாக இருப்பது படைப்பிற்குப் பகையாகாது. பல வேளைகளில் அதுவே படைப்பின் காவல்.

வாசகர்கள் தாங்கிய இதழ்

'ஒரு பைசாத் தமிழன்' ஓராண்டு கடந்ததும், 1908 ஆகஸ்ட் 26 முதல், 'தமிழன்' ஆயிற்று. தம் மக்களைப் 'பறையர்' என்று சுட்டுவதை ஏற்காத பண்டிதர், சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பூர்வ பௌத்தர் என்றும் எழுதிவந்தார். அவருடைய உறவினரும் தோழருமான இரட்டைமலை சீனிவாசன், இழிவாக வீசப்பட்ட பெயரையே 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' எனத் துணிந்து சூட்டியவர். இருவரும் எதிரெதிர் வழியில் நின்றனர். ஆனால் தம் மக்களின் பெயரைத் தாமே முடிவுசெய்ய வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

இதழில் அரசியல் விமர்சனம், வாசகர்களின் ஐயங்களுக்கு விடை, மருத்துவம், இலக்கிய ஆய்வு, பௌத்த அறம் எனப் பலவும் வந்தன. 'இந்திரர் தேச சரித்திரம்' தொடராக வந்தது. இந்தியாவின் வரலாற்றைப் பௌத்தத்தின் பக்கமிருந்து புதிதாக எழுதும் பெருமுயற்சி அது. கல்லூரியின் துணையோ, ஆய்வு நிதியோ, நூலகப் பதவியோ இன்றி ஒரு மருத்துவர் இரவு பகலாக அதைச் செய்தார்.

அவர் தனியாகச் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும், பெங்களூரிலும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் சங்கத்தின் கிளைகளும் இதழின் வாசகர்களும் இருந்தனர். அவர்களில் பலர் உழைப்பாளிகள். நிலத்தின் அடியில் இறங்கி உயிரைப் பணயம் வைத்துப் பொன் எடுத்த சுரங்கத் தொழிலாளர்கள், தங்கள் கூலியிலிருந்து சந்தா கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சூழ அமர்ந்து கேட்ட மக்கள் அவர்கள். பண்டிதரின் துணிவில் ஒரு பங்கு அவர்களுடையது. துணிவைத் தனிமனிதரின் நெஞ்சுக்குள் மட்டும் தேடுவது பிழை. நம் எழுத்துக்காகக் காத்திருக்கும் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்ற உறுதி, அஞ்சும் கையையும் எழுத வைக்கும்.

முடியாத பணி

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். அவர் எழுதிவந்த திருக்குறள் உரை பாதியில் நின்றது. 'தமிழன்' சிறிது காலத்தில் நின்றுபோய், பின்னர் 1920களில் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் மீண்டும் எழுந்தது. அவருடைய நூல்கள் பலவற்றை அச்சிட்டுக் காத்ததும் தங்கவயல் பௌத்தர்களே.

பொதுத்தமிழ் வரலாறோ அவரை ஏறக்குறைய மறந்தது. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்தனர். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகே பரந்த வாசிப்பு தொடங்கியது. அதற்குள் 85 ஆண்டுகள் கடந்திருந்தன. 2005இல் அஞ்சல் தலை வந்தது; தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்குகிறது. இப்புகழில் எதையும் அவர் காணவில்லை. புகழ் வரும் என்று நம்பி எழுதியிருந்தால் மூன்றாம் இதழோடு நிறுத்தியிருப்பார்.

அவரை வணங்குவது நம் நோக்கமன்று. அருந்ததியர் உள்ளிட்ட பிற ஒடுக்கப்பட்ட மக்களைத் தம் மக்களிலிருந்து விலக்கி நிறுத்தும் எழுத்துகள் அவரிடம் உண்டு. அவை நியாயமான விமர்சனத்திற்கு உள்ளாகியிருக்கின்றன. அந்த எல்லையைக் கடந்து எழுதும் கடமை நம் தலைமுறைக்கு உரியது. ஒருவரிடமிருந்து துணிவைக் கற்றுக்கொள்ளும்போது அவருடைய பிழையையும் சேர்த்துக் கற்க வேண்டியதில்லை.

அவர் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்வன எளியவை. மறுத்தவர்களின் வாசலில் ஆயுளைக் கழிக்க வேண்டாம். பிழைப்புக்கு ஒரு தொழிலை உறுதி செய்துகொள்வோம். பெரிய தொடக்கத்திற்குக் காத்திராமல், கைவசமுள்ள நான்கு பக்கங்களில் தொடங்குவோம். நமக்காகக் காத்திருப்பவர்களைக் கண்டடைந்து அவர்களிடம் கணக்குக் கொடுப்போம். நம்மில் ஒருவர் எழுதத் தொடங்கினால், சந்தா கட்டும் கூட்டமாக மற்றவர்கள் நிற்போம். காலம் கடந்துவிட்டது என்று எவரேனும் சொன்னால், இராயப்பேட்டையில் 62 வயதில் முதல் இதழை அச்சுக்கு அனுப்பிய மருத்துவரை நினைவூட்டுவோம்.