கம்பியால் கயிறு திரித்தவர்

சென்ற விடுமுறையில் பினாங்குக் கொடிமலை ரயிலில் ஏறினேன். செங்குத்தான சரிவில் பெட்டியை மேலே இழுத்துக்கொண்டிருந்தது ஓர் எஃகு வடம். பெட்டியில் இருந்த அத்தனை பேரின் உயிரும் அதை நம்பித்தான் இருந்தது. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. நான் உட்பட எல்லாரும் ஜன்னல் வழியே படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வடத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். தேடல் என்னை அமெரிக்காவில் குடியேறிய ஒரு ஜெர்மானியரிடம் கொண்டு சேர்த்தது. அவர் பெயர் ஜான் ரோப்ளிங். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்தவர் என்றே பலருக்கும் அவரைத் தெரியும். பாலத்துக்கு முன்னால் அவர் செய்தது கயிறு. நம்மிடையே கயிறு திரிப்பது என்றால் கதை விடுவது என்று ஒரு பொருள் உண்டு. இவர் உண்மையாகவே திரித்தார், அதுவும் இரும்புக் கம்பியால்.

ரோப்ளிங் 1806ஆம் ஆண்டு ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில் உள்ள முல்ஹவுசன் நகரில் பிறந்தார். பெர்லினில் கட்டடக் கலையும் பொறியியலும் படித்துவிட்டு, அரசாங்கச் சாலைப் பணியில் சேர்ந்தார். எதற்கெடுத்தாலும் மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1831ல் அண்ணன் கார்லுடன் கப்பலேறி அமெரிக்கா சென்றார். அடிமை முறையை வெறுத்ததால் தென்மாநிலங்களை ஒதுக்கிவிட்டு, பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் நிலம் வாங்கினார். அங்கே சாக்சன்பர்க் என்ற ஊரை உருவாக்கி, ஜெர்மானியக் குடும்பங்களை வரவழைத்தார்.

பொறியாளர் விவசாயி ஆனார். ஆனால் விவசாயம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1837ல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு மூத்த மகன் வாஷிங்டன் பிறந்தான். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயத்தில், மாநில அரசின் கால்வாய்ப் பணிகளில் நில அளவையாளராகச் சேர்ந்தார். அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது.

அந்தக் காலத்தில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பிட்ஸ்பர்க் வரை சரக்குகள் கால்வாய் வழியாகப் போயின. நடுவில் அலகேனி மலைத்தொடர் குறுக்கிட்டது. மலையில் கால்வாய் வெட்ட முடியாததால், படகுகளையே ரயில் வண்டிகளில் ஏற்றி மலையைக் கடக்க வைத்தார்கள். 36 மைல் தூரம், 10 சரிவுப் பாதைகள். ஒவ்வொரு சரிவிலும் நீராவி இயந்திரம் ஒரு தடித்த சணல் கயிற்றால் வண்டிகளை இழுத்தது. மழையிலும் வெயிலிலும் கிடந்த அந்தக் கயிறு விரைவில் நைந்துவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றுவதற்குள் அறுந்தால் சரிவில் கீழே இருப்பவர்களின் கதி என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் 1834ல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி இரும்புக் கம்பியால் கயிறு செய்திருந்தார். அந்தச் செய்தி ரோப்ளிங்குக்குத் தெரியும். ஆகவே கம்பிக் கயிறு என்ற யோசனை முழுக்க முழுக்க அவருடையது அல்ல. பல கட்டுரைகள் அப்படி எழுதுவதால் இதைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பங்கு, அதை எப்படிச் செய்வது என்பதில் இருந்தது.

நூறு கம்பிகளைச் சேர்த்து முறுக்கினால் நூறு மடங்கு பலம் கிடைத்துவிடாது. ஒரு கம்பி மற்றவற்றைவிட இறுக்கமாக இருந்தால், சுமையில் பெரும்பங்கு அதன்மேல் விழும். அது முதலில் அறும். பிறகு அடுத்தது அறும். எனவே எல்லாக் கம்பிகளும் ஒரே அளவு இழுவிசையில் இருக்க வேண்டும். ரோப்ளிங் ஒவ்வொரு கம்பியின் முனையிலும் சம எடையைக் கட்டி, உருளைகளின் மேல் தொங்கவிட்டு, அந்த நிலையிலேயே கயிற்றைச் சேர்த்தார். இந்த முறைக்கு 1842ல் காப்புரிமை பெற்றார்.

அவருடைய தொழிற்சாலை சாக்சன்பர்க்கின் ஒரு புல்வெளி. தொழிலாளர்கள், பக்கத்து நிலங்களில் உழுதுகொண்டிருந்த விவசாயிகள். எல்லாமே கைவேலை. கயிறு கேட்டு ஆர்டர் வந்தால் ஊரே திரண்டு வந்து திரிக்கும். பெரும்பாலும் ரோப்ளிங்கின் மனைவி ஜோஹன்னாதான் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்.

சரிவுப் பாதையில் செய்த முதல் சோதனை தோல்வியில் முடிந்தது. சணல் கயிறு வணிகர்களின் ஆள் ஒருவன் இரவோடு இரவாகக் கம்பிக் கயிற்றை இணைப்பில் வெட்டிவிட்டான் என்று சொல்லப்படுகிறது. இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது, கயிறு தாங்கியது. சில ஆண்டுகளில் எல்லாச் சரிவுகளிலும் சணலின் இடத்தைக் கம்பி பிடித்தது.

அதன்பின் வேகம் கூடியது. 1845ல் பிட்ஸ்பர்க்கில் ஆற்றின் மேல் ஒரு கால்வாயையே கம்பி வடங்களில் தொங்கவிட்டார். டெலவேர் ஆற்றின் மேல் 1840களின் இறுதியில் அவர் கட்டிய இன்னொரு கால்வாய்ப் பாலம் இன்றும் நிற்கிறது. 1849ல் நியூஜெர்சியின் டிரென்டன் நகருக்குத் தொழிற்சாலையை மாற்றி, கைவேலையை இயந்திரங்களிடம் ஒப்படைத்தார். இயந்திரம் தன் விலையையும் வாங்கிக்கொண்டது: அதே ஆண்டு அவருடைய இடது கை கயிறு முறுக்கும் இயந்திரத்தில் சிக்கி நசுங்கியது. அந்தக் கை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

1855ல் நயாகரா பள்ளத்தாக்கின் மேல் ரயில் ஓடும் தொங்கு பாலத்தைக் கட்டினார். அதன் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். ரயிலின் எடையையும் அதிர்வையும் தொங்கு பாலம் தாங்காது என்று அன்றைய பெரிய பொறியாளர்களே நம்பிய காலம் அது. அந்தப் பாலம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்களைச் சுமந்தது.

இத்தனை சாதித்தவர் வீட்டில் எப்படி இருந்தார்? மகன் வாஷிங்டன் பிற்காலத்தில் தந்தையைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்தால் மனம் கனக்கிறது. பிள்ளைகளைக் கொடுமையாக அடித்தவர் ரோப்ளிங். கம்பிகளுக்குச் சமமான இழுவிசை கொடுக்கத் தெரிந்தவருக்குத் தம் பிள்ளைகளிடம் அந்த அளவு தெரியவில்லை. மருத்துவர்களையும் அவர் நம்பவில்லை. எந்த நோய்க்கும் தண்ணீர் சிகிச்சையே போதும் என்பது அவர் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதமே அவரைக் கொன்றது. 1869 ஜூன் மாத இறுதியில், புரூக்ளின் பாலத்தின் கோபுரம் அமையவேண்டிய இடத்தைப் படகுத்துறையில் நின்று அளந்துகொண்டிருந்தார். துறைக்கு வந்த படகு மோதியதில் அவர் கால் நசுங்கியது. விரல்களை வெட்டி எடுத்தார்கள். அதற்கு மேல் மருத்துவரை நெருங்கவிடாமல், காயத்தின்மீது தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். இழுப்புவாதம் கண்டு, ஜூலை 22ஆம் தேதி இறந்தார். வயது 63. பாலத்தின் கட்டுமானம் அப்போது தொடங்கவே இல்லை.

32 வயது வாஷிங்டன் தலைமைப் பொறியாளர் ஆனார். ஆற்றின் அடியில், அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்ததால் அவரும் நோயில் விழுந்தார். அவருடைய மனைவி எமிலி பொறியியலைத் தானே கற்றுக்கொண்டு, கணவரின் கட்டளைகளைப் பல ஆண்டுகள் பணியிடத்துக்குக் கொண்டு சென்றார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பிள்ளைகளின் பெயரில் தொடர்ந்த குடும்ப நிறுவனமும் வளர்ந்தது. மின்தூக்கி, சுரங்கம், பாலம் என எல்லாவற்றுக்கும் வடம் செய்தது. 1937ல் திறக்கப்பட்ட சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு வடம் அமைத்ததும் அந்த நிறுவனம்தான். அங்கே ஒரு வடத்தில் மட்டும் 27,572 கம்பிகள். 1950களில் அது வேறு கைக்கு மாறியது, பிறகு ஆலைகள் மூடப்பட்டன. டிரென்டன் அருகே ரோப்ளிங் என்ற பெயரிலேயே ஓர் ஊரும் அருங்காட்சியகமும் மிஞ்சியிருக்கின்றன.

புரூக்ளின் பாலத்து வடங்களின் கதை வேறு. தலைமைப் பொறியாளரின் குடும்ப நிறுவனத்துக்கே ஒப்பந்தம் போகக்கூடாது என்ற எதிர்ப்பால், கம்பி வழங்கும் வேலை லாய்ட் ஹேய்க் என்பவருக்குப் போனது. சோதனையில் தேறிய நல்ல கம்பிச் சுருள்களைக் காட்டிச் சான்றிதழ் வாங்கி, வழியிலேயே அவற்றை மட்டமான கம்பியாக மாற்றி அனுப்பினார் ஹேய்க். 1878ல் மோசடி வெளிப்பட்டபோது, அந்தக் கம்பிகள் ஏற்கெனவே வடங்களில் ஏறியிருந்தன. பிரித்தெடுக்க வழியில்லை.

வாஷிங்டன் கணக்குப் போட்டார். தேவைப்படும் வலுவைப்போல் ஆறு மடங்கு இருக்கும்படி வடங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. கெட்ட கம்பியோடும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிஞ்சும். ஒவ்வொரு வடத்திலும் கூடுதலாக 150 நல்ல கம்பிகளைச் சேர்க்கச் சொன்னார். 1883 மே 24ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. ஹேய்க்கின் கம்பிகள் இன்றும் அந்த வடங்களுக்குள்ளேயே இருக்கின்றன.