இலையின் சத்தைக் குளிசையாக்கிய டாக்டர் சுப்பாராவ்

தம் புகழை நாடாது பிறர் துயர் துடைத்தோரையே உலகம் பெரியோர் என்று போற்றுகின்றது. அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை இம்மலர் வாயிலாக எடுத்துக்கூற விழைகின்றோம். கருவுற்ற தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கப்படும் ஃபோலிக் அமிலக் குளிசையை எம் தோட்டங்களில் அறியாதார் இலர். அக்குளிசை உருவாக உழைத்த மனிதரை அறிந்தோரோ மிகச் சிலர். அவரே டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் 1895 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் திகதி அவர் பிறந்தார். சுவாமி விவேகானந்தர் பிறந்ததும் அதே ஜனவரி 12 ஆம் திகதியாகும். குடும்பத்திலோ வறுமை. சிறுபராயத்திலேயே காசிக்குச் செல்ல வீட்டை விட்டு ஓடினார். திருப்பி அழைத்து வரப்பட்டார். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இருமுறை தவறினார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறையே தேறினார். பரீட்சையில் தோற்று மனமுடைந்திருக்கும் இளைஞர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

கல்லூரியில் கற்கும்போது இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈர்க்கப்பட்டுத் துறவு பூண எண்ணினார். அன்னையார் இசையவில்லை. மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டாற்றுமாறு மடத்துப் பெரியோர் வழிகாட்டினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, சத்திர சிகிச்சை வகுப்புக்கும் கதராடையே உடுத்துச் சென்றார். ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து, அதனிலும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார்.

இதனினும் பெருந்துயரம் ஒன்று அவரைத் தாக்கியது. உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் குடல் நோய் அடுத்தடுத்துப் பலிகொண்டது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்க மாட்டாது, வயிற்றோட்டமும் இரத்தச்சோகையுமாக உடல் தேயும் நோய் அது. மருத்துவம் கற்றவரே வீட்டிலிருந்தும் காக்க மருந்தில்லை.

பின்னர் அமெரிக்கா சென்றார். வைத்தியசாலையில் இரவு வேலை செய்து பிழைத்தார். ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியில், இரத்தத்திலுள்ள பொஸ்பரசை அளக்கும் முறையொன்றைப் பேராசிரியர் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925 இல் வகுத்தார். தசைகளுக்குச் சக்தி கிடைக்கும் வழியையும் இருவரும் ஆராய்ந்தனர். ஆயினும் அங்கே நிரந்தரப் பதவி கிட்டாமையால், 1940 இல் லெடர்லே மருந்து ஆய்வுகூடத்தில் சேர்ந்தார்.

இங்கே விற்றமின்களைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். ஏ, டி, ஈ, கே ஆகியன கொழுப்பிற் கரைவன. பி வகையினவும் சியும் நீரிற் கரைவன. நீரிற் கரையும் சத்துக்களில் மிகுதியானது பெரும்பாலும் சிறுநீரோடு கழிந்துவிடும். ஆதலின் அவற்றை உணவில் இடையறாது சேர்த்தல் அவசியம். பி1 குறைந்தால் பெரிபெரியும், சி குறைந்தால் ஸ்கர்வியும் வரும். பி வகையைச் சேர்ந்த ஃபோலிக் அமிலம் குறைந்தால் இரத்தம் செவ்வனே ஊறாது. பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கொடிய சோகையால் வாடியதை லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவர் ஆராய்ந்தார். ஈஸ்ட் சாரம் அவர்களைக் குணமாக்குவதை 1931 இல் வெளியிட்டார். அச்சாரத்தில் இருந்தது இச்சத்தே. 1941 இல் பசளிக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தோர், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945 இல் சுப்பாராவ் தலைமையிலான குழுவினர் அதனைச் செயற்கையாகச் செய்து முடித்தனர். ஸ்புரூ நோயாளரும் அதனால் நலம்பெற்றனர். உடன்பிறந்தாருக்குக் கிட்டாத மருந்து ஊராருக்குக் கிட்டியது!

உயிரணு பெருகுவதற்கு இச்சத்து வேண்டும் என்றால், இதற்கு எதிரான பொருள் புற்றுநோய் அணுவைத் தடுக்குமன்றோ? அவ்வாறு அவரது கூடத்தில் உருவான அமினோப்டெரின், இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர்க்குத் தற்காலிக நிவாரணம் அளித்ததை டாக்டர் ஃபார்பர் 1948 இல் வெளியிட்டார். அவ்வழி வந்த மெதொட்ரெக்சேட் இன்றும் பயன்படுகின்றது. யானைக்கால் நோய்க்கான டை எதில் கார்பமசீன் என்னும் மருந்தும் அக்கூடத்தின் கொடையே. அம்மருந்தின் துணையால் இலங்கை அந்நோயை ஒழித்ததை 2016 இல் உலக சுகாதார அமைப்பு உறுதிசெய்தது.

1948 ஆகஸ்ட் மாதம், 53 ஆம் வயதில், தாயகம் திரும்பாமலே நியூயோர்க்கில் அவர் மறைந்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. அவர் தந்த சத்தின் பெருமையோ வளர்ந்தது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குழந்தையின் மூளையிலும் முள்ளந்தண்டிலும் நேரும் பிறவிக் குறைகள் பெரிதும் குறையும் என 1991 இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவ்வுறுப்புக்களின் அடிப்படை, கருவுற்ற முதல் நான்கு வாரங்களிலேயே அமைந்துவிடும். தாய் தான் கருவுற்றதை அறியுமுன்னரே காலம் கடந்துவிடுகின்றது.

ஆகையால் எஹலியகொடைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் உழைக்கும் எம் சகோதரிகள், திருமணமானவுடனேயே மருத்துவமாதைக் கண்டு குளிசையைப் பெறுதல் வேண்டும். பெற்றதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுதல் ஆகாது. மாமியாரும் கணவன்மாரும் அதனை நினைவூட்டல் வேண்டும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் நீரோடு போய்விடும். லயத்துப் பின்புறத்தில் முருங்கையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வளர்ப்போம். பருப்பும் பயறும் சேர்த்துண்போம்.

இளைஞர்காள்! காவியுடுக்க விரும்பியவர் ஆய்வுகூடத்தில் தவம் செய்தார். உங்கள் வீட்டிலும் அயல் வீட்டிலும் ஒரு தாயின் சோகையையேனும் நீக்கத் துணைநிற்பீராயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.