பறவைகளை வரைந்தவர்: ஜி. எம். ஹென்றி (1891 – 1983)

மாணவர்களே, கதிரவெளிக் கடற்கரையில் சிறிது நேரம் நின்று கடலைப் பாருங்கள். வெண்ணிற உடலும் கறுத்த உச்சந்தலையும் உடைய பறவையொன்று சிறகடித்தபடி அந்தரத்தில் ஓரிடத்தில் நிற்கும். மறுகணம் தலைகீழாகப் பாய்ந்து மீனுடன் எழும். அது ஆலா என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எந்த ஆலா? நமது நாட்டில் ஆலா இனங்கள் பல உள்ளன. இவ்வாறான வினாவுக்குச் சாதாரண மனிதர் ஒருவரும் தாமே விடை காணத்தக்க நூலைத் தந்தவர் ஜோர்ஜ் மொரிசன் ரீட் ஹென்றி.

இவர் 1891 இல் இலங்கையின் கெஹெல்வத்த தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். தந்தையார் அத்தோட்டத்தை நிருவகித்தவர். ஹென்றிக்கு வீட்டில் கல்வி புகட்டியவர்கள் அவருடைய சகோதரிகள். 1907 இல் முத்துக்குளிப்புக் கம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். மன்னார்ப் பகுதி முத்துப் பார்களை 1906 இல் அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்த கம்பனி அது. முத்துக்குளிப்பு விரைவில் பொய்த்துவிட்டது. எனினும் அங்கே ஹென்றியின் சித்திரத் திறமை வெளிப்பட்டது. 1910 இல் கொழும்பு நூதனசாலையில் படவரைஞர் பதவி கிடைத்தது. 1913 முதல் 1946 இல் ஓய்வு பெறும்வரை அங்கே பூச்சியியல் துறை உதவியாளராகப் பணியாற்றினார். வெட்டுக்கிளி இனங்கள் பற்றிய ஆய்வில் இவர் பெயர் பெற்றவர். பறவைகளுக்காக இவருக்குச் சம்பளம் தரப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது!

இவருக்கு முன்னரும் நூல்கள் இருந்தன. இராணுவ அதிகாரியான லெக் எழுதிய இலங்கைப் பறவைகளின் வரலாறு 1878 முதல் 1880 வரை வெளிவந்தது. (லெக், ஹென்றி இருவரையும் மாணவர்கள் மாறி எழுதிவிடுவதுண்டு.) சிறந்த நூலே, ஆனால் மிகப் பெரியது. கடற்கரைக்குக் கொண்டுசெல்ல இயலாது. அக்காலத்தில் பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையில் வைத்தே இனம் பிரித்தனர். புகைப்படக் கருவிகளோ பாரமானவை, வேகம் குறைந்தவை. பறக்கும் ஆலாவைத் தெளிவாகப் பிடிக்க அவற்றால் பெரும்பாலும் முடியவில்லை. அந்த இடத்தைத் தூரிகையே நிரப்பியது.

ஹென்றி வரைந்த வண்ணப் படங்கள் வெயிட் என்பவரின் விளக்கங்களுடன் 1927 முதல் 1935 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குச் சென்ற பின், 1955 இல், இலங்கைப் பறவைகளுக்கான வழிகாட்டி நூலை வெளியிட்டார். எழுத்தும் அவருடையதே, படங்களும் அவருடையவையே. சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் அதில் சேர்த்தார். ஆங்கில நூலொன்றில் நமது மீனவரும் வேடரும் வழங்கிய பெயர்களுக்கு இடம் கிடைத்தது சிறிய விடயமன்று.

இனி ஆலாவுக்கு வருவோம். தலையில் கொண்டை தெரிந்தால் அலகின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாயின் பெரிய கொண்டை ஆலா. செம்மஞ்சளாயின் சிறிய கொண்டை ஆலா. தடித்த சிவப்பு அலகும் பெரிய உடலும் இருந்தால் அது கஸ்பியன் ஆலா. இன்று உங்கள் கைத்தொலைபேசியிலும் படம் எடுக்கலாம். ஆனால் கடும் வெயிலில் எடுத்த படத்தில் அலகின் நிறம் வெளிறிப்போகும். ஆகவே நிறத்தை அவ்விடத்திலேயே கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்க காலம் முடிந்ததும் பல ஆலாக்களின் நெற்றி வெளுத்துவிடும் என்பதால் திகதியையும் எழுதுங்கள்.

இன்னொன்று. சிறு ஆலா கூடு கட்டுவதில்லை. திறந்த மணலில் சிறு குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறமே. படம் எடுப்பதற்காக நீங்கள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். சுடுமணலில் முட்டை வெந்து கெடும், அல்லது காகம் கொத்தும். கால் பட்டு உடைவதும் உண்டு. தலைக்கு மேல் பறவைகள் கத்தி வட்டமிட்டால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஹென்றி 1983 இல் காலமானார். அவரது வழிகாட்டி 1971 இலும் 1998 இலும் மறுபதிப்புக் கண்டது. அவர் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்புகளும் மறைவுக்குப் பின் நூலாயின. முத்திலிருந்து ஓவியத்துக்கு என்பது அந்நூலின் தலைப்புத் தரும் பொருள்.