இரேச்சல் கார்சன் அம்மையார்

தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் செல்லும் சாலையில் அமைந்த ஊர் முத்தையாபுரம். ஊரை அடுத்துக் கடற்கரைவரை உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அவ்வுப்பளங்களின் ஓரங்களில், உள்ளங்கையில் அடங்கத்தக்க சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கிச் சேற்றைக் கிளறி இரை தேடும். உள்ளான் என்று நம்மவர் அவற்றை அழைப்பர். அவற்றுட் பல நம் நாட்டில் முட்டையிடுவன அல்ல. சைபீரியாவின் வடகோடியில், கோடையில் மட்டும் பனி உருகும் வெற்று நிலத்தில் பிறந்து, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து இங்கு வந்து சேர்வன. வேனில் தொடங்கியதும் மீண்டும் வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடும்.

முத்தையாபுரத்து உப்பளத்தையும் வடதுருவத்துப் பனிநிலத்தையும் இப்பறவைகள் இணைத்து வைத்திருக்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் வேறொன்றும் உண்டு, அது கண்ணுக்குப் புலனாகாதது, நஞ்சு. ஓரிடத்தில் தெளித்த நஞ்சு உயிர்க்கு உயிர் மாறி எங்கோ ஓரிடத்துப் பறவையைக் கொல்லும் என்பதை உலகம் உணருமாறு எடுத்துரைத்தவர் அமெரிக்க நாட்டு இரேச்சல் கார்சன் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1907-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் அலகேனி ஆற்றங்கரையிலுள்ள இசுப்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார்க்குச் சிறிது நிலம் இருந்தது, செல்வம் இல்லை. அன்னையார் மரியா, மகளைத் தோப்புகளுக்கும் ஓடைக்கரைகளுக்கும் அழைத்துச் சென்று, பறவைகளையும் பூச்சிகளையும் பெயர் சொல்லிக் காட்டுவார். பதினோராவது வயதிலேயே இரேச்சல் எழுதிய கதையொன்று சிறுவர் இதழில் வெளிவந்தது. எழுத்தாளர் ஆவதே தம் வாழ்வு என்று அவர் துணிந்தார். கல்லூரியிற் சேர்ந்தபோதும் ஆங்கில இலக்கியத்தையே எடுத்தார். ஆயின் ஆங்கே உயிரியல் கற்பித்த ஆசிரியை ஒருவரின் பாடம் அவர் மனத்தை ஈர்த்தது. இலக்கியத்தை விடுத்து உயிரியலுக்கு மாறினார். எழுத்தைத் துறந்துவிட்டோமோ என்று அவர் சிலகாலம் வருந்தினார் என்பர். அவர் துறந்தது ஒன்றுமில்லை என்பதைப் பிற்காலம் காட்டிற்று.

1929-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டுக் கோடையில் உட்சு ஓல் என்னும் இடத்திலிருந்த கடல் ஆய்வு நிலையத்திற்குச் சென்றார். கடலைப் பற்றிப் படித்தும் கனவு கண்டும் வந்த அவர் கடலை நேரிற் கண்டது அப்பொழுதுதான். அலையோசையிலேயே பிறந்து வளரும் நம் கடற்கரை மாணவர்க்கு இது வியப்பாகத் தோன்றக்கூடும்.

1932-இல் சான் ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். மேலும் ஆராய விரும்பினார், குடும்பம் இடங்கொடுக்கவில்லை. 1935-இல் தந்தையார் இறந்தார். அடுத்த ஈராண்டுகளுக்குள் தமக்கையாரும் இறக்க, அவருடைய பெண்மக்கள் இருவரையும் வளர்க்கும் பொறுப்பும் சேர்ந்தது. அமெரிக்க அரசின் மீன்வளத் துறையில் வானொலிக்காக மீன்களைப் பற்றி எழுதிக் கொடுக்கும் சிறு வேலை கிடைத்தது. 1936-இல் அரசுத் தேர்வெழுதி, அத்துறையிலேயே உயிரியலார் பதவி பெற்றார். பெண்கள் அத்தகைய பதவிகளில் அரிதாகவே இருந்த காலம் அது. பகலில் அலுவலகப் பணி. இரவில் எழுத்துப் பணி. இப்படியே பதினைந்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன.

அவருடைய முதல் நூல் 1941-இல் வெளிவந்தது. கடற்கரையிலிருந்து வடதுருவம் சென்று முட்டையிட்டுத் திரும்பும் உள்ளான் இனப் பறவைகளின் வாழ்வு அதில் ஒரு பகுதி. நூல் வெளிவந்த மறுமாதமே, முத்துத் துறைமுகம் என்னும் பொருளுடைய பேர்ள் ஆர்பரில் குண்டு விழுந்தது. அமெரிக்கா போரில் இறங்கியது. பறவையின் கதையைக் கேட்க எவர்க்கும் பொழுதில்லை. பத்தாண்டு கழித்து, 1951-இல், கடலைப் பற்றி அவர் எழுதிய இரண்டாம் நூலோ 86 வாரங்கள் மிகுதியாக விற்கும் நூல்களின் வரிசையில் நின்றது. அதன் வருவாய் கைகொடுத்ததால் 1952-இல் அரசுப் பணியை விட்டு, எழுத்தையே தொழிலாகக் கொண்டார். கடலோரத்தில் சிறு வீடொன்றும் கட்டிக்கொண்டார். இனி அமைதியாக வாழலாம் என்று எண்ணத்தக்க நிலை அது.

அக்காலத்தில் டி.டி.ட்டி. என்னும் பூச்சிக்கொல்லி உலகெங்கும் புகழ் பெற்றிருந்தது. அதன் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த சுவிட்சர்லாந்து நாட்டு முல்லர் என்பார்க்கு 1948-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்புகழ் வெறும் புகழன்று. நம் நாட்டில் 1947-ஆம் ஆண்டளவில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாக் காய்ச்சலால் வருந்தினர்; வீடுகளில் டி.டி.ட்டி. தெளித்ததன் பயனாக 1965-ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்தது. இந்நன்மையை மறந்துவிட்டு அம்மையார் வரலாற்றைச் சொல்வது முறையாகாது. ஆனால் மருந்தாக அளவோடு பயன்பட்ட பொருளை, வயல், காடு, ஏரி, சதுப்பு என்று வேறுபாடின்றி விமானத்திலிருந்து மழைபோற் கொட்டத் தொடங்கினர். 1945-லேயே இதைப் பற்றி எழுத அம்மையார் ஒரு இதழிடம் இசைவு கேட்டார், இதழ் மறுத்துவிட்டது.

1958-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாசச்சூசெட்சு மாநிலத்துத் தோழி ஒருவரிடமிருந்து மடல் வந்தது. கொசுவை ஒழிக்க வானத்திலிருந்து தெளித்த மருந்தால் தம் தோட்டத்துப் பறவைகள் துடிதுடித்து மடிந்ததை அவர் எழுதியிருந்தார். அதனைப் படித்த அம்மையார், வேறு எவரேனும் எழுதட்டும் என்று இனி இருக்கலாகாது எனத் துணிந்தார். அவர்க்கு அப்பொழுது வயது ஐம்பது. முந்திய ஆண்டுதான் தமக்கை மகளை இழந்து, அவளுடைய ஐந்து வயது மகனைத் தம் மகனாக ஏற்றிருந்தார். அவ்வாண்டின் இறுதியில் அன்னையாரும் மறைந்தார்.

அவர் திரட்டிய செய்திகளுள் கலிபோர்னியாவின் கிளியர் ஏரியைப் பற்றியது நாம் கருதத்தக்கது. அங்கு மீன்பிடிப்போர்க்குத் தொல்லை தந்த சிறு பூச்சியை ஒழிக்க, டி.டி.ட்டி.யின் உறவுப்பொருள் ஒன்றை 1949, 1954, 1957-ஆம் ஆண்டுகளில் ஏரியிற் கலந்தனர். ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு என்பதே 1954-இல் கலந்த அளவு. ஒருயிர்க்கும் தீங்கு வாராது என்று நம்பினர். ஆனால் ஏரியில் வாழ்ந்த முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கணக்கில் செத்து மிதந்தன. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தபோது பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு நஞ்சு இருந்தது. அவற்றைத் தின்ற மீன்களில் 40 முதல் 300 பங்கு. மீனைத் தின்ற பறவையின் கொழுப்பிலோ 1,600 பங்கு! நீரிலோ நஞ்சின் தடம் விரைவில் மறைந்துவிட்டது. உயிர்களின் உடலுள் புகுந்து ஒளிந்துகொண்டது என்பதே பொருந்தும்.

இது நிகழும் முறையை நம் கடலை வைத்தே விளக்கலாம். மன்னார் வளைகுடாவில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களைச் சாளைமீன் தின்கிறது. சாளையைச் சீலா தின்கிறது. ஆலாவும் நீர்க்காகமும் மீனைக் கொத்திச் செல்கின்றன. உண்ட உணவு உடலில் எரிந்து ஆற்றலாகிக் கழிந்துவிடும். ஆயின் இவ்வகை நஞ்சு எளிதிற் சிதையாது, நீரிற் கரையாது, கொழுப்பிற் கரைந்து அங்கேயே தங்கும். ஆகவே ஆயிரம் சிறு மீன்களின் நஞ்சு ஒரு பெருமீனிலும், பற்பல மீன்களின் நஞ்சு ஒரு பறவையிலும் சேர்ந்துவிடுகிறது. இச்சங்கிலியின் மேற்கண்ணியில் இருக்கும் உயிரே பெருஞ்சுமையைத் தாங்குகிறது. மீனுண்ணும் மனிதனும் அங்குத்தான் நிற்கிறான்.

நூல் பாதியில் நிற்கையில், 1960-இல், அம்மையார்க்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை செய்தனர், நோய் நீங்கவில்லை. கண்ணும் மூட்டும் நலிந்து, நாட்கணக்கில் எழுத இயலாமற் கிடந்தார். ஆயினும் ஒவ்வொரு செய்தியையும் அறிஞர்களிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே நூலிற் சேர்த்தார். 1962 செப்டம்பர் 27-ஆம் நாள், மௌன வசந்தம் என்று பொருள்படும் தலைப்பில் நூல் வெளிவந்தது. பறவைகள் மடிந்துபோனால் வசந்தம் வந்தும் பாட்டு எழாது என்பதே தலைப்பின் கருத்து.

பூச்சிக்கொல்லி நிறுவனங்கள் சினந்தெழுந்தன. வழக்குத் தொடுப்போம் என்று பதிப்பாளரை அச்சுறுத்தின. அம்மையார் உணர்ச்சிவயப்பட்ட பெண் என்றும், அறிவியல் அறியாதவர் என்றும் சிலர் இழித்துரைத்தனர். எல்லாப் பூச்சிக்கொல்லிகளையும் ஒழிக்கவேண்டும் என்று அவர் எங்கும் எழுதவில்லை. விளைவை ஆராயாமல் கண்டபடி தெளிப்பதையே கண்டித்தார். எதிர்த்தவர்களோ நூலிற் சொல்லாததையே சொன்னதாகக் கொண்டு வாதிட்டனர். தம் நோயை அம்மையார் பொதுமக்கள் அறியாமல் மறைத்தே வைத்திருந்தார். நோயின் கசப்பால் எழுதினார் என்று பகைவர் சொல்லிவிடுவரோ என்பதே காரணம். 1963 மே மாதம், குடியரசுத் தலைவர் கென்னடி அமைத்த அறிவியற் குழு அவர் கூற்றைப் பெரிதும் ஏற்று அறிக்கை தந்தது. அடுத்த மாதம் செனட் சபைக் குழுவின் முன் அம்மையார் தாமே சென்று சான்றுரைத்தார். நடப்பதே அரிதாயிருந்த நாட்கள் அவை. 1964 ஏப்ரல் 14-ஆம் நாள், தம் 56-ஆம் வயதில் காலமானார். அமெரிக்காவில் பயிர்களுக்கு டி.டி.ட்டி. தெளிப்பது 1972-இல் தடைசெய்யப்பட்டதை அவர் காணவில்லை.

துருவத்தைப் பற்றி அவர் அறிந்திருந்தது சிறிதே. அலாசுக்காவின் வடகரையில் வாழும் எசுக்கிமோ மக்களின் உணவை அக்காலத்தில் ஆராய்ந்தபோது, இரண்டு வெள்ளை ஆந்தைகளில் மட்டுமே சிறிதளவு டி.டி.ட்டி. கிடைத்தது, வேறெங்கோ சென்றபோது உண்டதாகலாம் என்று அம்மையார் கருதினார். அவர் மறைந்து ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து, 1966-இல், தென்துருவத்து அடேலி பென்குவின் பறவைகளின் உடலில் டி.டி.ட்டி. உள்ளது என்னும் செய்தி வெளியாயிற்று. பயிரும் இல்லை, பூச்சியைக் கொல்ல ஆளும் இல்லை அங்கே! அந்தப் பறவைகள் பறந்து வேற்றுநாடு செல்பவையும் அல்ல.

இதன் காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. நம் பரங்கிப்பேட்டையருகே வெள்ளாற்றுப் பகுதியில் ஜப்பானிய அறிஞரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ந்து 1991-இல் வெளியிட்ட முடிவு அதற்கு நல்ல சான்று. நெல்வயலில் உழவர் தூவிய பி.எச்.சி. தூளின் மிகப் பெரும்பகுதி, நம் வெயிலின் வெம்மையால் ஆவியாகிக் காற்றிற் கலந்துவிட்டது. மிகச் சிறு பகுதியே ஆற்றுவழிக் கடலை அடைந்தது. காற்றிற் கலந்தது குளிர்நாடு சென்று உறைந்து இறங்கும். பனிக்கடலின் உயிர்கள் குளிர் தாங்கக் கொழுப்பை மிகுதியாகச் சேர்ப்பவை. கொழுப்பைத் தேடும் நஞ்சுக்கு அதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. தென்னிந்தியப் பறவைகளைப் பற்றி 1998-இல் வெளிவந்த ஆய்வு, இங்கேயே தங்கி வாழும் பறவைகளில் பி.எச்.சி. மிகுந்திருப்பதைக் காட்டிற்று. நாம் வானத்திற்கு அனுப்பியது போக மிஞ்சியதும் சிறிதன்று.

இந்திய அரசு பி.எச்.சி.யை 1997-இல் தடைசெய்தது. டி.டி.ட்டி. அதற்கு முன்பே, 1989-இல், பயிர்த்தொழிலிலிருந்து விலக்கப்பட்டு, நோய்க்கொசுவை ஒழிப்பதற்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. நெடுநாள் சிதையாத இத்தகைய நஞ்சுகளை உலகெங்கும் ஒழிக்க 2001-இல் சுடாக்ஃகோம் நகரில் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 2006-இல் அதனை ஏற்றது.

கனடாவின் வடதுருவப் பகுதியில் பிரின்சு லியபோல்டு என்னும் தீவு உள்ளது. அங்கே பாறைமேல் முட்டையிடும் கடற்பறவைகளின் முட்டைகளை 1975 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேகரித்து ஆராய்ந்து வருகின்றனர். டி.டி.ட்டி.யின் எச்சம் அவற்றில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பி.எச்.சி.யில் எளிதிற் சிதையாத ஒரு வகையோ, பல ஆண்டுகள் குறையாமல் ஏறிக்கொண்டே சென்றது. தெளிப்பதை நிறுத்திய பின்னும் கடலும் காற்றும் பழைய சுமையைச் சுமந்து திரிவதால், இம்முட்டைகளில் அதன் தடம் இன்னும் அகலவில்லை.