மலைகளைத் தானம் கொடுத்த தலைவர்

பொன்னைத் தானம் கொடுத்தவர்கள் உண்டு. பசுவைத் தானம் கொடுத்தவர்கள் உண்டு. எரிமலைகளையே தானம் கொடுத்தார் ஒருவர். அவர் பெயர் ஹொரோனுக்கு தே ஹெயுஹெயு.

நியூசிலாந்து நாட்டின் பழங்குடி மக்கள் மாவோரிகள். அவர்களில் டாப்போ ஏரிக்கரையில் வாழ்ந்த குலத்துக்கு அவர் தலைவர். ஏரிக்குத் தெற்கே டொங்கரீரோ, நாவுருஹோ, ருவாப்பேஹு என்று மூன்று எரிமலைகள். குலத்தார் அவற்றை மூதாதையராகவே மதித்தார்கள். 1839-ம் ஆண்டு பிட்வில் என்ற வெள்ளைக்காரர் நாவுருஹோவில் ஏறிவிட்டார். ஹொரோனுக்குவின் தந்தை மனானுய்க்குக் கடுங்கோபம் வந்தது.

மண் மூடிய ஊர்

1846-ம் ஆண்டு மலைச்சரிவில் ஊரே மண்ணில் புதைந்தது. மனானுயும் மாண்டார். அந்த நினைவாகவே, நிலச்சரிவு என்று பொருள்படும் ஹொரோனுக்கு என்ற பெயரை மகன் வைத்துக்கொண்டார். 1862-ல் தலைவர் ஆனார். 1869-ல் அரசாங்கத்தை எதிர்த்த தே கூட்டியுடன் சேர்ந்தார். அந்தப் படை தோற்றது. அவர் சரண் அடைந்தார்.

கோர்ட்டு வந்தது

மாவோரி வழக்கப்படி நிலம் குலம் முழுவதற்கும் சொந்தம். தனி ஆளுக்குப் பட்டா கிடையாது. வெள்ளையர் சட்டம் இதை மாற்றியது. நிலக் கோர்ட்டு விசாரித்து, இன்னார் இன்னாருக்குச் சொந்தம் என்று பெயர் எழுதியது. பெயர் பெற்றவர் விற்கலாம். விற்றால் நிலம் போயிற்று.

1886-ல் டாப்போ நிலங்களும் கோர்ட்டுக்கு வந்தன. புனித மலைகளும் துண்டு துண்டாகிக் கைமாறிவிடுமோ என்று தலைவர் கலங்கினார் என்பார்கள். அவற்றை ராணியின் காவலில் விடும்படி யோசனை சொன்னவர், பாராளுமன்ற உறுப்பினராக இருந்த அவருடைய மருமகன் லாரன்ஸ் கிரேஸ் என்றும் சொல்வார்கள்.

1887 செப்டம்பர் 23-ந் தேதி தான சாசனம் எழுதப்பட்டது. மலைச் சிகரங்கள் அடங்கிய 6,508 ஏக்கர் நிலம் அரசாங்கத்துக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே தலைவர் காலமானார். 1894-ல் சட்டம் இயற்றி, அந்த மலைகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நிர்வாகக் குழுவில் அவருடைய மகனுக்கும் இடம் கொடுத்தார்கள்.

எது தானம்?

ஆங்கிலச் சட்டத்தில் தானம் கொடுத்தால் கொடுத்தவரின் உரிமை அத்தோடு தீர்ந்தது. மாவோரி வழக்கம் வேறு. கொடுத்தாலும் உறவு அறாது. வாங்கியவருக்கும் கடமை உண்டு. கொடுத்தவரோடு சேர்ந்து காக்க வேண்டும்.

ஒரே சாசனத்துக்கு இப்படி இரண்டு பொருள். அரசாங்கம் தன் பொருளையே எடுத்துக்கொண்டது. மலைகளை ஆளும் உரிமை குலத்தாரிடமிருந்து நழுவியது.

நீதி பிறக்க 126 ஆண்டுகள் ஆயின. மாவோரிகளின் குறைகளை விசாரிக்கும் வைதாங்கி நியாய மன்றம் 2013-ல் தன் முடிவைச் சொன்னது. தலைவர் மலைகளைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. சேர்ந்து காப்போம் வாருங்கள் என்றே அரசியை அழைத்தார் என்பது அதன் கருத்து.

இன்று அந்தப் பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 80 ஆயிரம் ஹெக்டேர். மலைகளைத் துண்டு போட்டு யாரும் விற்கவில்லை. தலைவர் விரும்பியதில் பாதி அன்றே நிறைவேறியது. மறு பாதியைத்தான் அவர் குலத்தார் இத்தனை காலமாகக் கேட்டு வந்தார்கள்.